ஆளுக்கொரு நீளத்தில் ரிப்பன்

இந்த விழாவுக்குத் தலைமையேற்று, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வெயிலைப் பார்க்காமல் வந்து வீற்றிருக்கும் மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்வி அதிகாரி ஐயா அவர்களே! இந்தப் பகுதியில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் வார்டு உறுப்பினர் அவர்களே! பெற்றோர் சங்கத்தின் தலைவர், நம் மருந்துக்கடைக்காரர் அவர்களே! பகலெல்லாம் பாடம் நடத்தி, மாலையெல்லாம் படம் பிடித்து அனுப்பிப் பாதியாய் இளைத்துப்போன என் சக ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே... தம்பி, அந்த மதில் போன திட்டத்தில் கட்டியது, கொஞ்சம் பார்த்தே உட்காருங்கள். முடிவாக, எல்லார் பெயரும் சொல்லி முடித்த பிறகே எப்போதும் நினைவுக்கு வருகிற, இந்த விழா யாருக்காக நடக்கிறதோ அந்த என் பிள்ளைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பள்ளித் தலைமையாசிரியையின் பணிவான வணக்கம்.

அழைப்பிதழைக் கையில் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கிறீர்கள், பிறகு என்னைப் பார்க்கிறீர்கள். புரிகிறது. "வரவேற்புரை: ஐந்தாம் வகுப்பு மாணவி" என்று அச்சடித்திருக்கிறது. நானோ ஐந்தாம் வகுப்பு மாணவி மாதிரி இல்லை. தாய்மார்களே, சிரிக்காதீர்கள், எனக்கும் ஒரு காலத்தில் இரட்டைச் சடை இருந்தது.

அந்த மாணவி எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால், மேடையில் இருக்கும் பெரியவர்களைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், மார்பைப் பாருங்கள். மார்பில் குத்தியிருக்கும் ரிப்பனைப் பாருங்கள்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களின் ரிப்பன் இடுப்பைத் தொடுகிறது. உட்காரும்போது அதை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார், நானே பார்த்தேன். அதிகாரி ஐயாவுடையது வயிற்றோடு நின்றுவிட்டது. வார்டு உறுப்பினருடையது ஒரு சாண். மருந்துக்கடை அண்ணனுடையது அதிலும் பாதி. அழைப்பிதழில் கடைசிப் பெயர் என் பெயர். என் ரிப்பன் எங்கே என்று தேடாதீர்கள். இதோ இருக்கிறது, என் கட்டைவிரல் அளவு. பேட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

சற்று முன்னால் வார்டு உறுப்பினர் என்னைத் தனியே கூப்பிட்டார். "என்ன டீச்சர், பதவிக்கு ஏத்த மாதிரி ரிப்பனா? ரொம்ப நுணுக்கமா யோசிச்சிருக்கீங்க. ஆனா அதிகாரிக்கு என்னைவிட நீளமா வெச்சது நல்லா இல்ல" என்றார். அதிகாரி ஐயா அமைச்சருடையதைப் பார்த்தார், தன்னுடையதைப் பார்த்தார், சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். இது மரபு, இது மரியாதை, இது முறை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், ஒரே ஒருவர்கூட, இதில் எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது என்று நினைக்கவில்லை.

பெரியோர்களே, அது மரபில்லை, மரியாதையும் இல்லை. அது ஒரு குழந்தைக்கு வகுத்தல் தெரியாததால் வந்தது.

மைக்கை யாராவது கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். நன்றி தம்பி. நான் கத்தப் போவதில்லை. கத்துகிற தெம்பும் இல்லை.

இதே மேடையில், இதே இடத்தில் நின்று எத்தனை திட்டங்களை வரவேற்றிருப்பேன்! எத்தனை தொடக்க விழா! எத்தனை திறப்பு விழா! தொடங்கி வைத்தது உண்டு, முடித்து வைத்தது உண்டா? திறந்து வைத்தது உண்டு, திரும்பி வந்து பார்த்தது உண்டா? எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளியில் எந்தத் திட்டத்துக்கும் நிறைவு விழா நடந்ததில்லை. ஒரு திட்டம் முடிந்துவிட்டது என்பதை அடுத்த திட்டத்தின் பேனரைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும் என்று ஒரு காலத்தில் உத்தரவு வந்தது. வட்டமாக உட்கார்ந்தால் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற பேதம் இருக்காதாம். நல்ல எண்ணம். நான் மனமார வரவேற்றேன். லாரி நிறைய வட்ட மேசைகள் வந்து இறங்கின. அழகழகான மேசைகள்! ஆனால் எங்கள் வகுப்பறைக் கதவுக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம், நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். மறுநாள் காலையில் பார்வையிட வருகிறார்கள், மேசை உள்ளே இருந்தாக வேண்டும். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மேசையையும் நடுவில் அறுத்து, அரைவட்டமாக உள்ளே கொண்டுபோய், மறுபடி சேர்த்து வைத்தோம். வந்தவர்கள் தடவிப் பார்த்து மெச்சினார்கள்.

அந்த மேசைக்கு மெருகு போவதற்குள் ஆட்சி மாறியது. வட்டம் தப்பு, வரிசையே சரி என்று புது உத்தரவு. பழைய பெஞ்சுகளை அதற்குள் ஏலத்தில் விட்டிருந்தார்கள். என்ன செய்வது? அந்த அரைவட்டங்களைப் பிரித்து வரிசையாகப் போட்டோம். இன்றைக்கும் உள்ளே போய்ப் பாருங்கள், பாதி நிலா வரிசை வரிசையாக நிற்கும். பென்சில் வைத்தால் உருண்டு விழும். பிரிக்க வந்த அதே தச்சர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், அடுத்த திட்டம் எப்பன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இந்தத் தடவை ஆணி அடிக்காம சும்மா சாத்தி வெச்சுட்டுப் போறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆணி அடிக்காமல் சும்மா சாத்தி வைத்த மேசைகளாகத்தானே நாங்களும் இருக்கிறோம்?

பிறகு அட்டை வந்தது. ஆசிரியர் பேசவே கூடாது, பிள்ளைகளே அட்டையைப் பார்த்துப் படித்துக்கொள்வார்கள் என்றார்கள். வாயை மூடிக்கொண்டோம். அடுத்து ஒருவர் வந்து, ஆசிரியர் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று விளக்கம் கேட்டார். வாயைத் திறந்தோம். அதற்குப் பிறகு வந்தவர், பேசுவதைக் காணொளியாக எடுத்து அன்றன்றைக்கு அனுப்பச் சொன்னார். எங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் கழித்தல் நடத்திக்கொண்டே தன்னைத் தானே படம் பிடிக்கப் போய், ஒரு கையில் சுண்ணக்கட்டி, ஒரு கையில் செல்போன், கரும்பலகையில் பாதிக் கணக்கு, அதற்குள் மணி அடித்துவிட்டது. என் அறைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எதை ஆரம்பிச்சாலும் பாதியில நிக்குது டீச்சர். என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்ல. ஒரே ஒரு பாடத்தை ஆரம்பிச்சு, நானே முடிச்சு, அது புள்ளைங்களுக்கு வந்துடுச்சான்னு பார்க்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான் டீச்சர், வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

இது பேராசையா, பெரியோர்களே? பொன்னா கேட்டார்? பொருளா கேட்டார்? பதவியா கேட்டார்? பாடம் நடத்த வந்தவர் பாடம் நடத்த நேரம் கேட்டார். அதைக் கொடுக்க முடியாத தலைமையாசிரியையாக நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

சரி, இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அதிகாரி ஐயா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது? "மாணவி எங்கே?" ஐயா, அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். பாதியில் விட மாட்டேன்.

பள்ளி வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்தத் தையற்காரம்மாவின் ஒரே மகள். பேர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளியில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் "வரவேற்பு". "ஏ வரவேற்பு, கயிறு தாண்ட வர்றியா?", "வரவேற்பு, உங்க அம்மா கூப்பிடுறாங்க!" இப்படித்தான். பார்த்தீர்களா, பிள்ளைகள் எப்படிச் சிரிக்கிறார்கள்.

ஏன் அந்தப் பேர்? இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே கணீர் என்று வாசிப்பாள். அந்தச் சமயத்தில் திடீரென்று ஒரு பார்வைக்குழு வந்து இறங்கியது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள் என்று சேதி. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பயந்துபோனார், புதிதாக வந்தவர், பாவம். யாரோ ஓடிப்போய் இவளைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வாசித்தாள். சபாஷ் வாங்கினாள். பள்ளிக்கே நல்ல பேர் வந்தது. அதிலிருந்து எந்த விழா நடந்தாலும் வரவேற்புரை அவளுடையதுதான், பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குப் பிடித்தது வினை. அதற்குப் பிறகு எந்த வகுப்புக்கு எந்தப் பார்வை வந்தாலும், "வரவேற்பைக் கூப்பிடு!" மூன்றுக்கு வந்தால் மூன்றில் இருப்பாள். ஐந்துக்கு வந்தால் ஐந்தில் இருப்பாள். ஜன்னலோரம் இரண்டாவது வரிசையில்தான் பெரியவர்கள் பார்வை முதலில் விழும் என்று அவளே கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலே அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு சூட்டிகை.

ஒரு தடவை அதிகாரி ஐயாவே கண்டுபிடித்துவிட்டார். ஐயா, கோபிக்காதீர்கள், சொல்லிவிடுகிறேன். "இந்தப் பாப்பாவைப் போன மாசம் மூணாம் வகுப்புல பார்த்தேனே?" என்று கேட்டார். எங்கள் ஓவிய ஆசிரியர் கொஞ்சமும் அசையாமல், "அது இவ தங்கச்சி சார்" என்றார். அடுத்த முறை ஐந்தாம் வகுப்பில் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "இது அக்கா சார்" என்றார். ஐயா அப்படியே நெகிழ்ந்துபோய், வாசலில் தையல் கடைக்குப் போய், "அம்மா, மூணு பொண்ணையும் முத்து முத்தா வளர்த்திருக்கீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தம்மா இரண்டு நாள் என்னிடம், "டீச்சர், எனக்கு மீதி ரெண்டு பொண்ணு எங்க இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் பங்கு உண்டு, எனக்கும் சேர்த்துத்தான். அதிகாரி ஐயாவே சிரிக்கிறார் பாருங்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐயாவுக்கு மேலே ஒரு ஐயா, அவருக்கு மேலே ஒருவர். மேலே இருந்து ஒரு வார்த்தை உருண்டு வரும்போது அது கடைசியில் யார் தலையில் விழும் என்று நடுவில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

அது விழுந்தது அந்தப் பெண்ணின் தலையில்.

இன்று தொடங்குகிற இந்தச் "சிறகு" திட்டத்தில் சீருடையின் நிறமும் மாறுகிறது. நீலம் போய்ப் பச்சை வருகிறது. இன்று எல்லாப் பிள்ளைகளும் பச்சையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே தையற்காரம்மாவுக்குச் சாப்பிட நேரமில்லை, மிஷின் நிற்கவே இல்லை. அதற்கு நடுவில்தான் மேடைக்கு ரிப்பன் வெட்டித் தரச் சொல்லி ஒரு சுருளை அவரிடம் அனுப்பியிருந்தோம். அவர் மகளைக் கூப்பிட்டார். "கண்ணு, நீதான் ஸ்கூல்லயே கெட்டிக்காரி. இந்தச் சுருளை அளந்து, மேடைல இருக்கறவங்களுக்குத் தலைக்கு ஒண்ணா, சமமா வெட்டிக் குடும்மா. அம்மா ஓரம் அடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு மிஷினில் குனிந்துகொண்டார்.

பெற்றவளுக்குச் சந்தேகம் வருமா? மகள் மேடையில் பேசி எத்தனை முறை பார்த்திருக்கிறார்! எத்தனை பெரியவர்கள் அவள் தலையைத் தொட்டிருக்கிறார்கள்! அத்தனை பேர் மெச்சிய மகளுக்கு ஒரு ரிப்பனைப் பங்கு போடத் தெரியாது என்று எந்தத் தாய் நினைப்பார்?

இன்று காலை, பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தம்மா ரிப்பன் கட்டோடு என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"டீச்சர், சுருளைக் குறைவா அனுப்பிட்டீங்களா? கடைசிக்கு வர வர ரிப்பன் பத்தல."

நான் எல்லாத் துண்டுகளையும் மேசைமேல் நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குறைவாக அனுப்பவில்லை. தாராளமாகவே இருந்தது. மகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், புதுப் பச்சைச் சீருடையில், கையில் வரவேற்புரையோடு.

"எப்படிம்மா வெட்டினே?" என்று கேட்டேன்.

"அழைப்பிதழ்ல இருக்கற வரிசைப்படி வெட்டினேன் டீச்சர். அமைச்சருக்கு முதல்ல. கண்ணாலயே பார்த்து வெட்டினேன். அப்புறம் போகப் போகக் கொஞ்சமாயிடுச்சு."

"வகுத்துப் பார்க்க வேண்டியதுதானே? இவ்வளவு நீளம், இத்தனை பேர்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நாலாம் வகுப்புல டீச்சர் வகுத்தல் எடுத்தப்போ நான் அஞ்சாம் வகுப்புல உட்கார்ந்திருந்தேன் டீச்சர், பார்க்க வந்திருந்தாங்கல்ல. அஞ்சாம் வகுப்புல எடுத்தப்போ இந்த விழாவுக்கு ஒத்திகை."

அந்தம்மா சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீதான் எல்லார்கிட்டயும் நான் ஃபர்ஸ்டுன்னு சொல்லிட்டு இருந்தியேம்மா."

தாய்மார்களே, இதையும் கேளுங்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பெரிய பள்ளியில் சேருவதற்கான தேர்வு. அங்கே இடம் கிடைத்தால் அவள் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் போவாள். கிடைக்காவிட்டால், அந்தம்மாவுக்குத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லை, அந்தக் கடையில் இரண்டாவதாக ஒரு தையல் மிஷின் போட இடம் பார்த்து வைத்திருக்கிறார். தேர்வில் பாதிக் கணக்கு வகுத்தலை நம்பி வருவது. வரவேற்புரை எழுதச் சொல்லி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியின் பெருமை என்று யாரைக் காட்டினோமோ, அவளுக்குத்தான் எங்கள் பள்ளி பாடம் நடத்தவில்லை. எந்தப் பிள்ளையைப் பார்த்து, "ஆகா, திட்டம் வெற்றி!" என்று எழுதிக்கொண்டு போனீர்களோ, அந்தத் திட்டம் தொடாத ஒரே பிள்ளை அவள்தான். கடைசி வரிசையில் தூங்கி விழுகிறவனுக்குக்கூட வகுத்தல் வருகிறது ஐயா! ஏன்? அவனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவன் நிம்மதியாக வகுப்பில் இருந்தான்.

ரிப்பனைத் திரும்ப வெட்ட நேரமில்லை. அதற்குள் கார்கள் வந்துவிட்டன. ஓவிய ஆசிரியர் இருந்ததை அப்படியே குத்திவிட்டார். ஆகவே மேடையில் இருக்கும் பெரியவர்களே, உங்கள் மார்பில் தொங்குவது உங்கள் பதவியின் நீளம் இல்லை. அந்தப் பெண் எத்தனை வகுப்புகளை எங்களுக்காக இழந்தாள் என்பதன் நீளம்.

நேற்று வார்டு உறுப்பினர் தொலைபேசியில் கூப்பிட்டார். "டீச்சர், நம்ம பொண்ணு பேச்சுல அமைச்சர் பேர் நாலஞ்சு தடவையாவது வரணும். மேல இருந்து ஆளுங்க படம் எடுக்கறாங்க. ஏதாவது சொதப்பிச்சுன்னா நான் பொறுப்பில்ல. உங்களுக்கும் பஸ் போற ஊருலயே வேலை இருக்கணும்ல?" என்றார். அண்ணே, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் நல்ல மனிதர், போன மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று எங்கள் பிள்ளைகளைத் தூக்கி விட்டீர்கள். உங்களை அப்படிப் பேச வைத்தது உங்கள் மனசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பஸ் போகாத ஊர் என்றாலும் எனக்குச் சம்மதம். நடந்து பழகிய கால்தான்.

அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கதையை இங்கே சொல்கிறேன். "மேடையில சொல்லட்டுமாம்மா?" என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர், இன்னும் எத்தனை நாளைக்கு" என்றார். மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "சொல்லுங்க டீச்சர். ஆனா எனக்கு வராதுன்னு சொல்லிடாதீங்க. சொல்லித் தரலன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் கண்ணு. கேட்கிறதா? நீ சொன்னபடியே சொல்லிவிட்டேன். இவளுக்கு வராமல் இல்லை, நாங்கள் சொல்லித் தரவில்லை.

யாரோ பின்னால் கைதட்டினீர்கள். வேண்டாம் ஐயா. இது கைதட்டுகிற இடமில்லை.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே! தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். தங்கள் நெஞ்சில் நல்ல எண்ணம் இருக்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை. வட்டம் கொண்டுவந்தவருக்கும் நல்ல எண்ணம் இருந்தது. வரிசை கொண்டுவந்தவருக்கும் இருந்தது. அட்டை கொண்டுவந்தவர் பாவம், தங்கமான மனிதர். நல்ல எண்ணங்களுக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. எங்களுக்குப் பஞ்சம் வேறு ஒன்றில்.

புது மேசை வேண்டுமா என்றால், வேண்டாம். இருக்கிற பாதி நிலாவிலேயே படித்துக்கொள்வோம். புது நிறம் வேண்டுமா என்றால், வேண்டாம். பிள்ளைகள் எந்த நிறத்தில் வந்தாலும் மத்தியானத்துக்குள் மண் நிறத்துக்கு வந்துவிடுவார்கள். புதுப் பேர் வேண்டாம், புதுப் பேனர் வேண்டாம், புதுப் பயிற்சி வேண்டாம், புதுப் படிவம் வேண்டாம். பாராட்டு வேண்டாம், படம் வேண்டாம். பின்னே என்னதான் வேண்டும் என்று கேட்கிறீர்களா?

ஒரு வருடம் எங்களை மறந்துவிடுங்கள்!

ஆம், மறந்துவிடுங்கள் ஐயா! ஒரே ஒரு வருடம், இப்படி ஒரு பள்ளி இருப்பதையே மறந்துவிடுங்கள். எங்கள் வாசலில் கார் நிற்க வேண்டாம். எங்கள் தொலைபேசி அடிக்க வேண்டாம். முதல் பாடத்தைத் தொடங்கிக் கடைசிப் பாடம் வரைக்கும் நடத்தி முடிக்கிற ஒரு முழு வருடத்தை எங்களுக்குக் கொடுங்கள். தொடங்கியதை முடிக்க விடுங்கள். முடித்ததைத் திரும்பிப் பார்க்க விடுங்கள். தப்பு செய்தால் நாங்களே கண்டுபிடித்து, நாங்களே வெட்கப்பட்டு, நாங்களே திருத்திக்கொள்கிறோம். வருடம் முடிந்து வாருங்கள். எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் போங்கள், எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் எழுப்பிக் கேளுங்கள். அந்தந்த வகுப்பில் அந்தந்தப் பிள்ளைதான் இருக்கும். அக்கா இருக்க மாட்டாள், தங்கச்சி இருக்க மாட்டாள். அன்றைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் எங்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நான் களைத்துப்போயிருக்கிறேன். இதோ வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, இந்த ஆசிரியர்கள் எல்லாரும் களைத்துப்போயிருக்கிறார்கள். வேலை செய்த களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். வேலை செய்ய விடாத களைப்புக்குத் தூக்கம்கூட வருவதில்லை.

அதிகாரி ஐயா இன்னொரு சீட்டு அனுப்பியிருக்கிறார். பழைய கேள்விதான். இதோ பதில் சொல்லிவிடுகிறேன் ஐயா.

இந்த மேடைக்குப் பின்னால், வலப்பக்கம் ஒரு ஜன்னல் தெரிகிறதா? அதுதான் நாலாம் வகுப்பு. காலையில் அந்தக் கட்டைவிரல் ரிப்பனைப் பார்த்தவுடனே, நாலாம் வகுப்பு ஆசிரியை அவள் கையிலிருந்த வரவேற்புரையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். போன விழாவில் மிஞ்சிய ஒரு பழைய ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போனார். நீங்கள் வருவதற்கு முன்னால் போனவர்கள், இன்னும் வெளியே வரவில்லை. நான் இந்த மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேசைமேல் ரிப்பனை நீட்டி வைத்துக்கொண்டு ஏதோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ஆசிரியையைப் பார்த்தேன். "இன்னும் வரல டீச்சர்" என்பதுபோல் கையசைத்தார். ஆனால் அவர் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு பாடத்தைத் தொடங்கியிருக்கிறார், யாரும் நடுவில் கூப்பிட வரவில்லை.

வரவேற்பை இன்றைக்கு மேடைக்கு அனுப்ப மாட்டேன். வரவேற்பை நானே சொல்லிவிட்டேன். அமைச்சர் அவர்களே, அதிகாரி ஐயா அவர்களே, உறுப்பினர் அவர்களே, அண்ணன் அவர்களே, தாய்மார்களே, எல்லாரையும் எங்கள் பள்ளி வருக வருக என்று வரவேற்கிறது. போகும்போது அந்த ரிப்பனைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். அடுத்த திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும்போது ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மேளக்காரர்களே, உங்களுக்கும் நன்றி, ஆனால் இப்போது வாசிக்க வேண்டாம். தம்பி, நான் இறங்கியதும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். அமைச்சர் அவர்கள் பேசட்டும், இந்தப் பந்தலுக்குக் கேட்கிற அளவுக்கு மெல்லப் பேசட்டும். உங்கள் எல்லாருக்கும் மறுபடியும் என் வணக்கம்.

யாரும் கைதட்டாதீர்கள். உள்ளே வகுப்பு நடக்கிறது.